ஒரே தீவு, ஒரு வாரம், ஒரு ஜோலி: மாலத்தீவுக்கு நிதானமாகப் போக நினைக்கும் நெல்லைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இரண்டு தடவை போய் வந்தேன். அதிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில், பாளையங்கோட்டை மார்க்கெட்டில், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில், எங்கே பார்த்தாலும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

மாலத்தீவா? அது பணக்காரர்களும் புதுமாப்பிள்ளை புதுப்பெண்ணும் போகிற இடமில்லையா?

தண்ணீருக்கு மேலே மரவீடு கட்டி, ஒரு ராத்திரிக்கு நம்முடைய ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிற ரிசார்ட்டுகள் அங்கே நிறைய உண்டு, உண்மைதான். அந்தத் தீவுகளில் ஊர் கிடையாது. வேலை செய்கிறவர்களும் விருந்தாளிகளும் மட்டும்தான் இருப்பார்கள். நான் சொல்வது ஊர் இருக்கிற தீவுகளை. மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள், அதில் 200-க்குப் பக்கம் மக்கள் குடியிருப்பவை. பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மைதானம், மளிகைக் கடை, டீக்கடை எல்லாம் இருக்கும். 2009 வாக்கில் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் இந்த ஊர்த்தீவுகளில் உள்ளூர்க்காரர்களே கெஸ்ட் ஹவுஸ் கட்டி வெளியாட்களைத் தங்கவைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் 1972-இல் ஆரம்பித்த ரிசார்ட் காலம் முழுக்க, வந்தவன் ஒரு தீவிலும் ஊர்க்காரன் இன்னொரு தீவிலுமாகத்தான் இருந்தார்கள். மனிதர்களைப் பார்த்துப் பேசிப் பழக ஆசைப்படுகிறவர்கள் ஊர்த்தீவுக்குத்தான் போக வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து எப்படிப் போவது?

சென்னைக்குப் போகவே வேண்டாம். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம், 150 கிலோமீட்டர், ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். அங்கிருந்து மாலத்தீவின் தலைநகரான மாலேக்கு நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவீர்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

சுற்றுலா விசா முன்கூட்டி எடுக்க வேண்டியதில்லை, இறங்கியதும் காசில்லாமல் கொடுத்துவிடுவார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிடம் பதிவு செய்த தாளும் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசு இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் அது வேறு தளம் என்று புரிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் எடுக்காதவர்களுக்குத் திருநெல்வேலியிலேயே சேவா மையம் இருக்கிறது.

விமான நிலையமே ஒரு தனித் தீவு. வாசலைத் தாண்டினால் படகுத்துறை. ரயிலடியிலிருந்து வெளியே வந்தால் ஆட்டோ நிற்கிற மாதிரி அங்கே ஸ்பீட்போட்டுகள் வரிசையாக நிற்கும்.

நாலைந்து நாளில் எத்தனை தீவு பார்க்கலாம்?

ஒன்று.

இதைச் சொன்னால் எல்லாருக்கும் முகம் வாடிவிடுகிறது, அவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரு தீவா என்று. முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்து நான்கு நாளில் மூன்று தீவு என்று திட்டம் போட்டுப் போனேன். நடந்தது என்னவென்றால், காலையில் பெட்டியைக் கட்டு, படகுக்குக் காத்திரு, அலையில் குலுங்கி இடுப்பு நோக இறங்கு, அறைச் சாவி வாங்கு, சாயங்காலம் கடற்கரையில் ஒரு போட்டோ எடு, மறுநாள் மறுபடி பெட்டி. மூன்று தீவிலும் கடல் ஒரே நீலம், மணல் ஒரே வெள்ளை. ஒரு ஆள் பெயர்கூட எனக்குத் தெரியாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் தடவை ஒரே தீவில் ஏழு ராத்திரி. முதல் இரண்டு நாளும் என்னை யாரும் கவனிக்கவில்லை, தினமும் வந்து போகிறவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் நாள் டீக்கடைப் பையன் கேட்காமலே பால் இல்லாத டீயை வைத்தான். தெருக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலையை அசைத்தார். நான்காம் நாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. நம்ம ஊரிலும் அப்படித்தானே, புதுசாக ஒருவர் தெருவுக்குக் குடிவந்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறப்பார். அந்த நாட்களை அவர்களுக்குக் கொடுக்காமல் ஊர்க்காரர்கள் பழகவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

சரி, அந்த ஒன்று எது?

நான் ஏழு நாள் இருந்தது தொட்டு என்ற தீவில். அது விவசாயத் தீவு, தர்பூசணியும் பப்பாளியும் தோட்டம் தோட்டமாக விளையும். வாழைத்தோப்பையும் வயலையும் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே சைக்கிளில் சுற்றினாலே மனசு நிறைந்துவிடும். உக்குளஸ் சுத்தமான ஊர் என்று பெயரெடுத்தது. திகுரா பக்கம் திமிங்கலச் சுறா பார்க்கலாம். மாஃபுஷி மாலேக்குப் பக்கம், போக வரச் சுலபம், ஆனால் கூட்டமும் கடைகளும் அதிகமாகி அங்கே இப்போது ஊர்க்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நிதானமாக இருக்க விரும்புகிறவர்களுக்கு மாஃபுஷி வேண்டாம் என்பது என் கருத்து.

எங்களுக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் தெரியும். என்ன பேசுவது?

"அங்க போயி யாருகிட்ட என்னத்தல பேசப் போற?" என்று என் கூட்டாளியும் கேட்டான். அவர்கள் பேசுவது திவேஹி. வலமிருந்து இடமாக எழுதுகிற தானா எழுத்து, பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆனால் பள்ளிக்கூடப் பாடமெல்லாம் இங்கிலீஷில் என்பதால் இளவட்டங்கள் நன்றாகவே இங்கிலீஷ் பேசும். பலருக்குப் பாடம் எடுத்ததே இந்திய ஆசிரியர்கள்தான்.

காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் தெரிந்த சத்தங்களும் விழும். படகுக்கு அவர்கள் சொல்வது தோனி. இளநீருக்குக் குரும்பா. தென்னையிலும் பனையிலும் பிஞ்சை நாம் குரும்பை என்கிறோமே, அதேதான். 1972-இல் திறந்த முதல் ரிசார்ட்டின் பெயரும் குரும்பாதான். 'ஆமாம்' என்பதற்கு அவர்கள் சொல்வதும் நம்ம ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கும்போது போடுகிற 'ஆங்'கும் ஒன்றுபோலவே இருக்கும். அக்காவை தத்தா என்பார்கள், நம்ம பக்கத்து முஸ்லிம் வீடுகளின் லாத்தா, ராத்தாவுக்கு உறவுபோல இருக்கும். அண்ணனுக்கு பேபே.

போவதற்கு முன் மூன்று சொல் பழகிக்கொள்ளுங்கள்: 'கிஹினே?' என்றால் எப்படி இருக்கீங்க, 'ரங்களு' என்றால் நல்லாருக்கேன், 'ஷுக்குரிய்யா' என்றால் நன்றி. பெரியவர்களைப் பார்த்தால் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லலாம். உச்சரிப்பு தப்பானால் திருத்துவார்கள், திருத்த ஆரம்பித்தால் பேச்சும் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஊர்க்காரர்களோடு பழக எங்கே போய் நிற்பது?

நிற்க வேண்டாம், உட்காருங்கள். நம்ம ஊரில் 'ஜோலி கிடக்கு' என்றால் வேலை இருக்கிறது. அங்கே ஜோலி என்றால் நாற்காலி. மரத்திலோ இரும்புக் குழாயிலோ சட்டம் செய்து, அதில் கயிற்றை வலை மாதிரி பின்னியிருப்பார்கள். நாலைந்து ஜோலி ஒன்றாகச் சேர்த்து, கரையோர மரநிழலில், துறைமுகத்தில், தெருமுனையில் போட்டிருக்கும். உட்கார்ந்தால் உடம்பு உள்ளே அமிழ்ந்து தொட்டில்போலத் தாங்கும், எழுந்திருக்கவே மனசு வராது. அது பொதுச்சொத்து, யாரும் உட்காரலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஊரே அங்கேதான்.

தொட்டுவில் நான்காம் நாள் சாயங்காலம். எனக்கு அடுத்த ஜோலியில் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், மடியில் சின்னத் தகர டப்பா. பாக்குவெட்டியால் பாக்கைச் சீவிக்கொண்டிருந்தார். சீவல் ஒவ்வொன்றும் வெங்காயத் தோல் கனம், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். கால் மணி நேரம் இரண்டு பேரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவராகவே ஒரு வெற்றிலைத் துண்டில் நாலு சீவலும் ஒரு கிராம்பும் வைத்து நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன். கிராம்புக் காரம் முதலில், பாக்குத் துவர்ப்பு பிறகு. ஆத்தூர் வெற்றிலை தின்று வளர்ந்தவன் முகத்தைச் சுளிக்காமல் மென்றதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம்.

"இந்தியா? திரிவேண்ட்ரம்?" என்றார். வைத்தியம் என்றால் அந்த நாட்டுக்காரர்கள் பலர் வருவது திருவனந்தபுரத்துக்குத்தான். அவர் மனைவிக்கு அங்கேதான் ஆபரேஷன், இரண்டு மாதம் தங்கியிருக்கிறார், கிழக்கேக் கோட்டை, தம்பானூர் எல்லாம் அத்துப்படி. எங்கள் ஊர் அதற்குக் கிழக்கே என்று ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டுக் காட்டினேன். கன்னியாகுமரி முனை, அதற்கு மேலே திருநெல்வேலி, கடலோரத்தில் தூத்துக்குடி. தூத்துக்குடிப் புள்ளியில் அவர் விரலை வைத்தார். "டூட்டிகோரின்! வெங்காயம்!" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். அவர் சின்ன வயசிலிருந்து தின்ற வெங்காயம் அங்கிருந்து தோணியில் போனதுதானாம்.

மறுநாள் அவர் பேத்தி ஒரு தட்டில் குள்ஹா கொண்டுவந்து கொடுத்தாள். மாசி என்ற சூரைக் கருவாடும் தேங்காய்த்துருவலும் வெங்காயமும் உள்ளே வைத்துப் பொரித்த உருண்டை. அந்தத் தட்டில் நான் அல்வா வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

துறைமுகமும் நல்ல இடம். மாலேயிலிருந்து படகு வருகிற நேரத்துக்குப் பார்சல் வாங்க எல்லாரும் வருவார்கள். ஒரு அரிசி மூட்டைக்குக் கை கொடுத்தால் பத்து நாள் பழக்கம் ஒரே நிமிடத்தில் வந்துவிடும். டீக்கடையில் கேரம் பலகை கிடந்தால் ஓரமாக உட்காருங்கள், ஆனால் அங்கே நன்றாக விளையாடுவார்கள், சும்மா நினைத்துவிட வேண்டாம்.

அல்வா கொண்டுபோகலாமா? வேறு என்ன கொண்டுபோக?

தாராளமாக. பெரிய பெட்டியில் போடுங்கள், நெய் கசியாமல் இரண்டு உறை. கால் கிலோ, கால் கிலோவாகத் தனித்தனிப் பொட்டலமாக வாங்கிக்கொண்டால் நாலைந்து வீட்டுக்குக் கொடுக்கலாம். கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்துக் கிண்டுவது என்று சொன்னதும் அந்தப் பெரியவர் மனைவி ஒரு துண்டை விரலில் வைத்து அழுத்திப் பார்த்தார், விரல் நெய்யாக மின்னியது, மாவு எங்கே என்று கேட்டார். அதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில்தான் அவர்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் போனேன். பணமாக எதுவும் கொடுக்காதீர்கள், வருத்தப்படுவார்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். காலைப் பலகாரம் மஸ் ஹுனி, சூரை மீனும் தேங்காயும் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்தது, ரொஷி என்ற மெல்லிய சப்பாத்தியோடு. மதியம் கருதியா என்ற மீன் ரசம். டீக்கடைப் பலகாரத்தில் முக்கால்வாசிக்குள் மீன்தான். கெஸ்ட் ஹவுஸில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பருப்பு, காய்க்கறி, சோறு, ரொஷி செய்து தருவார்கள், ஆனால் மாசி போட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும், அதை அவர்கள் மீனாகவே எண்ணுவதில்லை, மசாலா மாதிரிப் போட்டுவிடுவார்கள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோனால் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். தொட்டுவில் பழத்துக்குப் பஞ்சமில்லை.

அசைவக்காரர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மஸ் ஹுனியை வாயில் வைத்ததும் மாசிச் சம்பல் நினைவுக்கு வரும்.

வயதான அம்மாவை, மைனியை, பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

கண்டிப்பாக. பெண்களோடு போனால்தான் வீடுகள் திறக்கும், ஆண்கள் மட்டும் போனால் ஜோலியோடும் டீக்கடையோடும் சரி. சேலை, சுடிதார் எல்லாம் ஊருக்குள் பொருத்தமான உடையே. நீச்சலுடைக்கு என்று ஒரு கடற்கரையைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடங்களில் தோளும் தொடையும் மூடியிருக்க வேண்டும், ஆண்களும் சட்டையில்லாமல் தெருவில் நடக்கக் கூடாது. காலையில் பெண்கள் ஈர்க்குமாற்றால் மணல் தெருவைக் கூட்டுவார்கள், சாயங்காலம் பாஷி விளையாடுவார்கள், வலைக்கு முதுகைக் காட்டி நின்று டென்னிஸ் மட்டையால் பந்தைப் பின்பக்கமாக அடிக்கிற விளையாட்டு, எதிர்ப்பக்கத்தில் அதைக் கையால் பிடிக்க வேண்டும். நம்ம பிள்ளைகள் போய் ஓரத்தில் நின்றால் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.

எதெல்லாம் கூடாது?

மது கிடையாது, கொண்டுபோகவும் கூடாது. பன்றி இறைச்சியும் அப்படியே. வழிபாட்டுக்கான சாமி சிலைகளைச் சுங்கத்தில் விடமாட்டார்கள், அதனால் சின்ன விக்கிரகத்தையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை சாத்தியிருக்கும், பொதுப் படகும் அன்று ஓடாது, பயண நாளை அதைப் பார்த்துக் குறியுங்கள். ரமலானில் பகலில் தெருவில் வைத்துத் தின்னாதீர்கள். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள், பெண்களையும் குழந்தைகளையும் முக்கியமாக.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி, பங்குனி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, மழை குறைவு. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் அங்கேயும் அதே தென்மேற்குக் காற்றுதான், படகு ஆடும், திடீரென்று கொட்டும். பள்ளிக்கூட லீவில் மே மாதம்தான் முடியும் என்கிறவர்கள் மாதத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். அறை வாடகையும் அப்போது குறையத் தொடங்கும்.

கடலில் குளிக்கலாமா? பிள்ளைகள் தாமிரபரணியில் நன்றாக நீந்துவார்கள்.

ஆற்று நீச்சல் வேறு. பவளப்பாறைக்கு உள்பக்கம் தண்ணீர் முழங்கால், இடுப்பு அளவு, உவரிக் கடல்போல அலை அடித்துச் சாய்க்காது, பயமில்லை. பாறை விளிம்பைத் தாண்டினால் சட்டென்று ஆழம், இரண்டு பாறைக்கு நடுவில் இருக்கிற வாய்க்காலில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். ஊர்க்காரர் ஒருவரிடம் இன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கலாம் என்று கேட்காமல் இறங்காதீர்கள், பெரியவர்களும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். பவளத்தின்மேல் கால் வைக்கக் கூடாது. அது உயிருள்ளது, 1998-லும் 2016-லும் கடல் சூடேறி ஏராளமாக வெளுத்துச் செத்தது, மிச்சமிருப்பதை நம் காலால் உடைக்க வேண்டாம். அந்தத் தீவுகள் நிற்பதே அதன் மேல்தான், சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர்.

செலவு?

விமான டிக்கெட் எப்போது எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தீவுக்குப் போவதில் பணத்தை மிச்சப்படுத்துவது படகுதான், பொதுப் படகு மலிவு, மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம். ஸ்பீட்போட் சீக்கிரம் போகும், பல மடங்கு கேட்பார்கள். ஒரே தீவில் இருந்தால் அந்தச் செலவு போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். அறை வாடகை பார்க்கும்போது வரியைச் சேர்த்துக் கேளுங்கள். சின்ன கெஸ்ட் ஹவுஸ்களில் 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர் பசுமை வரி, அதே ஆண்டு ஜூலையிலிருந்து 17 சதவீதம் சுற்றுலா வரி. நாலு பேர் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. டாலராகக் கொண்டுபோய் டீக்கடைச் செலவுக்கு மட்டும் ருஃபியா மாற்றிக்கொள்ளுங்கள், அதை வெளிநாட்டில் திரும்ப மாற்ற முடியாது.

தூத்துக்குடியிலிருந்து தோணியில் போக முடியுமா?

ஆட்களை ஏற்றமாட்டார்கள், சரக்கு மட்டும்தான். காய்கறி, செங்கல், ஜல்லி என்று பழைய துறைமுகத்திலிருந்து போகும். இந்தப் போக்குவரத்து நேற்று வந்ததில்லை. ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று வருவது இந்தத் தீவுகள்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தியாவுக்குச் சோழி ஏற்றுமதி செய்ததும் இவர்களே. நம்ம வீட்டு ஆச்சிமார் தாயம் உருட்டிய சோழியில் ஒன்றிரண்டு அங்கே கரையொதுங்கியதாக இருக்கலாம்.

திரும்பும்போது என்ன வாங்கி வர?

சோழி, சங்கு, பவளம் எதையும் கரையிலிருந்து பொறுக்காதீர்கள், பவளம் கொண்டுவருவது குற்றம், பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது ரிஹாக்குரு. மீன் வேகவைத்த தண்ணீரை மணிக்கணக்கில் காய்ச்சிக் காய்ச்சி, கடைசியில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் குழைவாக வருகிற விழுது, பாட்டிலில் விற்பார்கள். ஒரு கரண்டி எடுத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சுடுசோற்றில் பிசைந்து பாருங்கள். பாட்டிலை அறையிலேயே நாலு பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுங்கள், உடைந்தால் வாசம் துணியை விட்டுப் போகாது. என்னுடைய பாட்டிலைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பெரியவரின் மனைவி, தேங்காய் நார்க் கயிற்றால் கழுத்தில் மூன்று சுற்று. அந்தக் கயிறு இன்னும் எங்கள் வீட்டு அடுப்படி ஆணியில் தொங்குகிறது.